புற்றுக்காளான்தானா? பிடுங்காமல் தோண்டிப் பாருங்கள்

கேள்வி: இடி மழைக்கு அப்புறம் எங்கள் தோப்பில் வெள்ளைக் காளான் நிறைய முளைத்திருக்கிறது. மஞ்சள், பூண்டு சேர்த்து வேகவைத்து, கறுக்காவிட்டால் சாப்பிடலாம் என்கிறார் மாமியார். நம்பலாமா?

பதில்: இந்த ஒரு விஷயத்தில் மாமியார் பேச்சைக் கேட்காதீர்கள். பூண்டு, மஞ்சள், வெள்ளிக்காசு எதுவும் காளானின் விஷத்தைக் காட்டாது. பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பதும் அப்படித்தான். நம்மைக் கொல்லும் காளானை நத்தை நிம்மதியாகத் தின்னும்.

நம் ஊரில் விரும்பிச் சாப்பிடும் புற்றுக்காளான், மண்ணுக்குள் கறையான் வளர்க்கும் பூஞ்சைக் கூட்டிலிருந்து முளைப்பது. அதனால் தண்டு மண்ணோடு முடியாது. வேர் போல நீண்டு கீழே கூடு வரை போகும். பிடுங்கினால் அது அறுந்துவிடும். சுற்றிலும் மண்ணைக் கிளறிப் பாருங்கள். அடியில் முட்டை ஓடு உடைந்தது போல ஒரு கிண்ணம் தண்டைப் பிடித்திருந்தால் தொடவே வேண்டாம். ஆளைக் கொல்லும் காளான்கள் அடங்கிய அமானிடா வகையின் அடையாளம் அது. தரையோடு அறுத்தெடுப்பவர்கள் இதைத்தான் மண்ணிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

அடுத்தது குடை. புற்றுக்காளானின் நடு உச்சி பெரும்பாலும் கூர்மையாக இருக்கும். தண்டை நறுக்கிவிட்டுக் குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் இளஞ்சிவப்புத் தூள் படிந்திருந்தால் புற்றுக்காளானோடு ஒத்துப்போகிறது. பச்சை என்றால் அது புல்வெளிகளில் முளைக்கும் விஷக்குடை. பிஞ்சில் அதன் அடிமடிப்பும் வெள்ளையாகவே இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளைத்தூள் என்றாலும் சமைக்காதீர்கள்.

இவ்வளவும் ஒதுக்கித் தள்ளத்தான் உதவும். சமைக்கலாம் என்று சொல்ல, அதே இடத்தில் வருஷக்கணக்காக எடுத்துச் சாப்பிடுகிறவர் காளானை நேரில் பார்க்க வேண்டும். போட்டோவில் கேட்டால் நானே சொல்லமாட்டேன்.

பச்சைத்தூள் காளான் சில மணி நேரத்திலேயே வாந்தி, பேதி என்று படுத்திவிடும். கொடிய அமானிடாக்கள் 6 மணி நேரத்துக்கு மேல் சத்தமில்லாமல் இருந்துவிட்டு அப்புறம் ஆரம்பிக்கும். அவற்றின் விஷம் கொதிக்கவைத்தாலும் அழியாது. நடுவில் ஒரு நாள் தேறிவிட்டது போலத் தோன்றும்போதே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே வாந்தி நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மிச்சக் காளானையும் ஒரு காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு.