ராமநாதபுரம் கடற்கரையில் சேமிப்பு இல்லாததற்குப் பண்பாடுதான் காரணமா?

கேள்வி: ராமநாதபுரம் கடலோர ஊர்களின் நுகர்வோர் நடத்தை பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில் நகை, திருவிழா, கல்யாணம் என்று செலவழிக்கிறார்கள். பிறகு வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். மாவட்டம் பின்தங்கியிருப்பதற்கு இந்தச் செலவுப் பண்பாடே காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்:

எடுத்துக்கொள்ளாதீர்கள். பாம்பன் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து, இப்போது கல்லூரியில் பொருளியல் கற்பிப்பவள் நான். நீங்கள் கேட்டதையே வங்கி மேசைகளிலும் கருத்தரங்குகளிலும் பலர் முடிந்த முடிவாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். "இந்தச் சனங்களுக்கு நாளையைப் பற்றிக் கவலையில்லை" என்ற அந்த வாக்கியம் எங்கள் வாழ்க்கைக்குச் செய்யும் அநியாயம் சிறியதல்ல. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் எண்ணம் இதுதான்: செலவு எப்போது, எவ்வளவு என்பதை வருமானம் வந்து சேரும் விதம் முடிவு செய்கிறது. அது யார் முன்னிலையில், எந்த வாசலில் நடக்க வேண்டும் என்பதைத்தான் பண்பாடு முடிவு செய்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் ஆய்வு தடம் மாறிவிடும்.

பண்பாட்டைக் காரணமாகச் சொல்வது புதிதல்ல. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904-05இல் ஐரோப்பிய முதலாளித்துவத்துக்குச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் ஒழுக்கநெறியோடு உறவு கண்டார். பிறகு இந்திய சமயங்களைப் பற்றி எழுதும்போது, சாதியும் மறுபிறப்பு நம்பிக்கையும் அத்தகைய வளர்ச்சிக்கு இடம் தரவில்லை என்றார். 1960களில் அமெரிக்க மானிடவியலாளர் மில்டன் சிங்கர் சென்னைக்கு வந்து தொழிலதிபர்களை ஆராய்ந்தபோது, அவர்கள் வீட்டில் ஆசாரத்தோடும் தொழிற்சாலையில் முழுக் கணக்கோடும் வாழ்வதைக் கண்டார். ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை. ஆஸ்கர் லூயிஸ் மெக்சிகோக் குடும்பங்களிடையே 1959இல் முன்வைத்த 'வறுமைப் பண்பாடு' என்ற கருத்தும் (வறுமை தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒரு வாழ்க்கைமுறையாகிவிடுகிறது என்பது) பின்னால் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. உங்கள் கேள்வி நிற்கும் மரபு இது. இதைத் தெரிந்துகொண்டு களத்துக்குப் போவது நல்லது.

இனி எங்கள் நாட்காட்டியைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017 முதல் 61 நாளாயிற்று. அது முடிந்தாலும் பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்துத்தான் கடலுக்குப் போகிறார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கொந்தளிக்கும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகு கரையில்தான். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டால் பல வருட உழைப்பு ஒரே இரவில் போய்விடும்; அதைக் கண்டித்து வேலைநிறுத்தம் நடந்தால் மற்றவர்களுக்கும் அத்தனை நாள் வருமானம் இல்லை. கடலுக்குப் போன நாளிலும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து மிஞ்சுவதில்தான் பங்கு. இறால் பட்டால் கை நிறையும். சங்காயம் என்னும் கழிவு மீன் மட்டும் கிடைத்தால் டீசல் காசுகூடத் தேறாது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. நோட்டு, சீருடை, கட்டணம் எல்லாம் கேட்கும் அந்த வாரங்கள்தான் விசைப்படகுக் குடும்பங்களில் ஆண்டிலேயே கை மிகவும் வறண்டு கிடக்கும் வாரங்கள். அந்த நாட்களில் வட்டிக்கு வாங்குவதைப் பொறுப்பின்மை என்று எழுதுவது எவ்வளவு பெரிய பிழை! ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவுகளை 2013இல் வெளியிட்டார்கள். பணமுடை இருந்த மாதத்தில் அதே மனிதரின் சிந்தனைத் திறன் சோதனைகளில் குறைந்தது. அறுவடைக்குப் பின் உயர்ந்தது. பண்பாடு இரண்டு மாதத்தில் மாறாது. கையில் இருக்கும் காசு மாறும்.

அடுத்து நகை. உங்கள் கேள்விப் பட்டியலில் நகையைச் 'செலவு' என்ற தலைப்பில் போட்டிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். மில்டன் ஃப்ரீட்மன் 1957இல் தந்த நிலைத்த வருமானக் கோட்பாட்டின்படி, மக்கள் நீண்டகாலச் சராசரி வருமானத்தை மனத்தில் வைத்தே செலவு செய்கிறார்கள். எதிர்பாராமல் கூடுதலாக வந்ததைக் கொண்டு நீடித்து நிற்கும் பொருள் வாங்கினால், அவர் கணக்கில் அது சேமிப்பு. எங்கள் வீடுகளில் நடப்பதும் அதுவே. ஆவணியில் மீன்பாடு நன்றாக இருந்தால் ஒரு சங்கிலி. அடுத்த சித்திரையில் அது அடகுக்கடைக்குப் போகும். வலை வாங்க, இன்ஜின் பழுது பார்க்க, மகளைக் கல்லூரியில் சேர்க்கப் பணமாகும். மீண்டும் பாடு வந்ததும் திரும்பி வரும். என் அம்மாவின் வளையல்கள் கையில் இருந்த மாதங்களையும் அடகில் இருந்த மாதங்களையும் வைத்தே அந்த வருடம் கடல் எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம். வங்கி வைப்புத்தொகைக்கு வட்டி கிடைக்கும், நகைக்குக் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்ததை நேரில் கண்ட தலைமுறை இது. வீடும் நிலமும் கடலோடு போய்விடும், உடம்பில் இருப்பது மட்டும் கூடவே வரும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள்.

திருவிழாவும் மொய்யும்தான் படித்தவர்களுக்கு அதிகம் உறுத்துகின்றன. தங்கச்சிமடம் வேர்க்காட்டில் சந்தியாகப்பர் திருவிழா, ஏர்வாடியில் சந்தனக்கூடு, ஒவ்வொரு ஊரிலும் அம்மன் கோவில் முளைப்பாரி என்று வருடம் முழுவதும் ஏதாவது நடக்கும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் தலைக்கட்டு வரி கொடுத்தாக வேண்டும். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2007இல் ஏழைகளின் வரவு செலவை ஆராய்ந்து எழுதியதில் உதய்ப்பூர் மாவட்டமும் உண்டு. அங்கே மிக ஏழ்மையான குடும்பங்களும் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் திருவிழாக்களுக்கு ஒதுக்கின. அப்படியானால் இது கடற்கரையின் தனிக் குணம் அல்ல. ஏன் ஒதுக்குகிறார்கள் என்பதற்கு விஜயேந்திர ராவ் கர்நாடகக் குயவர் குடும்பங்களிடையே செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. விழாவுக்குக் கூடுதலாகச் செலவிட்ட குடும்பங்களுக்கு ஊரில் மதிப்பு கூடியது, விருந்து அழைப்புகள் கூடின. அதோடு அவர்கள் அன்றாட உணவுப் பொருட்களைக் குறைந்த விலைக்கு வாங்கினார்கள். ஊரோடு உறவு இருந்தால் நல்ல விலை எங்கே கிடைக்கும் என்ற செய்தியும் வந்து சேரும் அல்லவா!

மொய் நோட்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் இருப்பது நீளமான கோடு போட்ட நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, விசேஷத்தின் பெயரும் தேதியும் எழுதியிருக்கும். வரிசையாக ஊர்ப்பெயர், தகப்பனார் பெயரின் முதலெழுத்து, ஆள் பெயர், தொகை. பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை. நாம் திருப்பிச் செய்த பெயருக்கு எதிரே சின்னக் குறி. ஒருவர் வீட்டில் கல்யாணம் என்று அழைப்பு வந்தால் அம்மா முதலில் எடுப்பது இந்த நோட்டைத்தான். அவர்கள் செய்ததற்கு மேல் கொஞ்சம் சேர்த்து எழுத வேண்டும். குறைத்தால் பேச்சு வரும். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கத்து உறவும் வடகடல் பக்கத்து உறவும் இதில் கலந்தே இருக்கும். ஒரு பக்கம் கடல் கொந்தளிக்கும்போது மறுபக்கத்தில் பாடு இருக்கக்கூடும் என்பதால் இந்தக் கலப்புக்கு ஒரு பொருள் உண்டு. மார்க் ரோசன்ஸ்வைக், ஓடெட் ஸ்டார்க் இருவரும் 1989இல் இந்தியக் கிராமங்களைப் பற்றிச் சொன்னதும் இத்தகையதே: பெண்ணைத் தொலைவூரில் கட்டிக்கொடுப்பதால், இங்கே விளைச்சல் பொய்க்கும் வருடத்தில் அங்கிருந்து உதவி வருகிறது.

இப்போது கடனுக்கு வருவோம். கடலோரக் கடன்களில் முக்கியமானது முன்பணம். படகுக்காரருக்கு வியாபாரியோ ஏலக்காரரோ முன்பணம் தருவார். பதிலாக மீன் முழுவதும் அவரிடமே போக வேண்டும். கமிஷனும் விலையும் அவர் கையில். ராபர்ட் ஜென்சன் 2007இல் கேரள மத்தி மீனவர்களைப் பற்றி எழுதினார். கைப்பேசி வந்ததும் அவர்கள் கடலில் இருந்தபடியே விலை விசாரித்து விற்கத் தொடங்கினார்கள். மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குவோர் கொடுக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது, மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. அருமையான ஆய்வு. ஆனால் முன்பணம் வாங்கிய படகுக்கு எந்தக் கரையில் விலை அதிகம் என்று தெரிந்து என்ன பயன்? கைப்பேசி எல்லார் பையிலும் இருந்தும் எங்கள் கரையில் பலருக்கு அந்த லாபம் வராததற்கு மனப்போக்கு காரணமல்ல, இந்தக் கட்டுதான் காரணம் என்பது என் கருத்து.

பெட்டிக்கடையில் ஷாம்பு, எண்ணெய், காப்பித்தூள் எல்லாம் சிறு பொட்டலமாக விற்பதற்கும் இதே விளக்கம் போதும். அன்றாடம் வரும் காசுக்கு அன்றாட அளவு.

"நாளையைப் பற்றிக் கவலையில்லை" என்பவர்களைப் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துக்கு அழைத்துப் போக ஆசை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986இல் தேசியப் பூங்காவானபின் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் தொடர்ந்து உரசல் இருந்தது. அந்தப் பெண்களே பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, இரும்புச் சுரண்டி இல்லாமல் கையால் பறிப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாசி மீண்டும் வளர வேண்டும் என்பதற்காகத் தங்கள் கூலியைத் தாங்களே குறைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

அதே கடற்கரையில் கீழக்கரையையும் பாருங்கள். வளைகுடா நாடுகளிலிருந்தும் சென்னையிலிருந்தும் கீழ்த்திசை நாடுகளிலிருந்தும் பணம் வரும் ஊர். கொடைக்குப் பெயர்போன சீதக்காதியின் ஊர். விருந்தோம்பலில் எங்களுக்கு எள்ளளவும் குறைந்தவர்கள் அல்ல. பெண்ணுக்கு வீடு கொடுப்பது அங்கே மரபு. வருமானம் சீராக வந்தபோது அதே கொடை மனம் கல்லூரிகளாகவும் ஆயிற்று: 1984இல் கீழக்கரையில் முகமது சதக் பொறியியல் கல்லூரி, அதே ஆண்டில் அவ்வூர்க்காரரான பி.எஸ்.அப்துர் ரகுமான் வண்டலூரில் தொடங்கிய பொறியியல் கல்லூரி. அள்ளிக் கொடுக்கும் பழக்கம் வளர்ச்சியைத் தடுக்கும் என்றால் இவை நடந்திருக்காது.

ஆனால் எல்லாவற்றையும் நியாயப்படுத்த நான் வரவில்லை. வரதட்சணையை மொய்யோடு சேர்த்துப் பேசக்கூடாது. மொய் சுற்றித் திரும்பி வருகிறது. வரதட்சணை ஒரு வீட்டைக் காலியாக்கிவிட்டுப் போகிறது. குடியும் அப்படித்தான். பாடு கிடைத்த இரவில் பங்குப் பணத்தில் எவ்வளவு வீடு வந்து சேர்கிறது என்பதைப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். இவை இரண்டும் உண்மையான கேடுகள், இவற்றை ஊரே பேசி மாற்ற வேண்டும்.

நிவாரணத்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு. மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது. சேமிக்க இடம் கொடுத்தால் சேமிப்பார்கள் என்பதற்கு அதில் சேர்ந்திருக்கும் குடும்பங்களே சாட்சி. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயாக உயரும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. தொகையைவிட, அது எந்த வாரத்தில் கணக்கில் ஏறுகிறது என்பதே முக்கியம். நகை அடகுக்குப் போவதற்கு முன்னால் வந்தால் வட்டி மிச்சம். பின்னால் வந்தால் பாதிப் பயன்தான்.

ராமநாதபுரத்தை 2018இல் மத்திய அரசின் நிதி ஆயோக் முன்னேற விழையும் மாவட்டங்களில் சேர்த்தது உண்மை. சுகாதாரம், கல்வி, வேளாண்மையும் நீரும், நிதிச்சேவை, அடிப்படை வசதி என்ற அளவுகோல்களைக் கொண்டது அந்தத் திட்டம். பின்தங்கியதற்குக் காரணம் தேடுகிறவர் முதலில் அங்கே தேட வேண்டும்.

உங்கள் களப்பணிக்குச் சில யோசனைகள். ஒரே ஒரு முறை கணக்கெடுப்பு நடத்திவிட்டு நிறுத்தாதீர்கள். மே மாதத்தில் கேட்டால் எல்லாரும் கடனாளி. செப்டம்பரில் கேட்டால் எல்லாரும் செலவாளி. அதே குடும்பங்களை இரு பருவங்களிலும் சந்தியுங்கள். விசைப்படகுக்காரர், நாட்டுப்படகுக்காரர், பங்குக்குப் போகும் கூலியாட்கள் மூவரையும் ஒரே தலைப்பில் சேர்க்காதீர்கள். முன்பணம் வாங்கியிருக்கிறாரா, யாரிடம், மீன் யாருக்குப் போகிறது என்ற மூன்று கேள்விகளையும் கட்டாயம் கேளுங்கள். வீட்டுக் கணக்கை ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மொய் நோட்டும் அடகுச் சீட்டும் பெரும்பாலும் பெண்களிடம்தான் இருக்கின்றன. காலையில் ஏலம் முடிந்து அவர்கள் வீடு திரும்பிச் சற்று ஓய்ந்த பிறகு, பதினோரு மணிக்கு மேல் போனால் நிதானமாகப் பேசுவார்கள்.