20 வார ஸ்கானில் பிள்ளையின் மூளை அறை 11 மில்லிமீட்டர் என்றார்கள். எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டுமா?

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்தில் மகப்பேற்று விடுதியில் பல வருடம் தாதியாக வேலை செய்தவள். டொக்டர் இல்லை, அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

மூளைக்குள் நீர் நிறைந்த பக்க அறைகளின் அகலம் 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் சரி. 15ஐத் தாண்டினால் பாரதூரம். உங்கள் பிள்ளைக்கு 11. 10 முதல் 12 வரை இருந்து வேறு எந்தக் குறையும் இல்லையென்றால், பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் சாதாரணமாகவே வளர்கிறார்கள். ஸ்கானில் அளக்கும் கோடு கொஞ்சம் சரிந்து விழுந்தாலே அளவு கூடிக் காட்டும். ஆகவே “வேறு ஏதாவது தெரிகிறதா?” என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நீங்கள் எழுதியதில் அதற்குப் பதில் இல்லை.

அந்த “வேறு ஏதாவது” என்பதில் முதலில் வருவது முள்ளந்தண்டு. ஸ்பைனா பைபிடா, அதாவது முள்ளந்தண்டு மூடாமல் திறந்தே இருக்கும் நிலையின் தடயம் பெரும்பாலும் தலையில்தான் முதலில் பிடிபடும். பிள்ளை முதுகைக் கருப்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தால் முதுகுத் தோலின் கோடு தெரியாது. தாயைக் கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்வது அதற்காகத்தான். முதுகில் திறந்த இடத்தால் நீர் கசிந்தால் பின்மூளை கீழே இழுபடும். சிறுமூளை வாழைப்பழம் போல வளையும், நெற்றிப் பக்கத்து மண்டையோடு உள்ளே ஒடுங்கித் தலை எலுமிச்சை வடிவமாகும். இந்த இரண்டு அடையாளங்களையும் லண்டன் மருத்துவர்கள் 1986இல் எழுதினார்கள். எலுமிச்சை வடிவம் மட்டும் தனியே சில நல்ல பிள்ளைகளிலும் தெரியும். சிறுமூளை நல்ல வடிவில் இருந்து, அதன் பின்னால் உள்ள நீர் இடைவெளியும் அளவாக இருந்தால், திறந்த வகை ஸ்பைனா பைபிடா இருக்கும் சாத்தியம் மிகக் குறைவு. உங்கள் அறிக்கையில் சிறுமூளை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் எழுதவில்லையென்றால் கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

இனி எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சு இல்லை, சிசுவுக்கென்று எடுக்கும்போது சாய ஊசியும் போடுவதில்லை. இங்கிலாந்தில் மூளைக் குறை சந்தேகிக்கப்பட்ட 570 சிசுக்களை வைத்துச் செய்த மெரிடியன் ஆய்வில், ஸ்கான் 68 வீதமும் எம்.ஆர்.ஐ 93 வீதமும் சரியாகச் சொன்னது. அதைக் கேட்டவுடன் நாளைக்கே எடுக்க வேண்டும் போலிருக்கும். என் எண்ணம் வேறு. அனுபவமுள்ள ஒருவர் முதலில் இன்னொரு விரிவான ஸ்கான் பார்க்கட்டும். ஸ்கான் கருவிக்குக் கிட்டவுள்ள பாதி மூளை எப்போதும் மங்கலாகத்தான் தெரியும், அதையும் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம். தொற்றுக்கான இரத்தப் பரிசோதனை, நிறமூர்த்தப் (குரோமோசோம்) பரிசோதனை தேவையா என்று வி.ஓ.ஜி.யிடம், அதாவது உங்கள் மகப்பேற்று நிபுணரிடம், கதையுங்கள். இரு பாதி மூளையையும் இணைக்கும் நரம்புப் பாலம் சரியாகத் தெரியவில்லை, அல்லது அகலம் கூடிக்கொண்டு போகிறது என்றால் அப்போது எம்.ஆர்.ஐ கட்டாயம் கேளுங்கள். மூளை மடிப்புகள் பிந்திய மாதங்களில்தான் தெளிவாகத் தெரியும் என்பதால் சில வாரம் பொறுப்பதிலும் பயன் உண்டு.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1883ஆம் ஆண்டின் எங்கள் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. சிசுவின் குறை அதற்குள் வராது. இங்கே ஸ்கானின் பெரிய பயன் ஆயத்தம்தான். முதுகு திறந்த பிள்ளைக்குப் பிறந்த முதல் இரண்டு மூன்று நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால், சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கும் இடத்தில் பிரசவத்தை ஒழுங்கு செய்யலாம். தெரியாமல் போய், பிறந்த பிள்ளையை அம்புலன்சில் தூரம் கொண்டுபோவது பெரிய கொடுமை.

கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்று மாமி சொல்வதாக எழுதியிருந்தீர்கள். ஒரு தொடர்பும் இல்லை. நீர் ஓட்டத்தில் அடைப்பு, சில வைரஸ் தொற்று, நிறமூர்த்தக் குறை, இவை அறியப்பட்ட காரணங்களில் சில. பல பேருக்குக் காரணமே கிடைப்பதில்லை. மாமிக்கு நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், உங்கள் குடும்பநல உத்தியோகத்தரை வீட்டுக்கு வரும்போது கதைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஸ்கானுக்குக் கணவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், பழைய அறிக்கையும் கிளினிக் அட்டையும் கையில் இருக்கட்டும்.