ஓடைத் தண்ணீரில் மின்சாரம்: வாசகர் கேள்வி-பதில்

எங்கள் தோட்டத்தில் நல்ல ஓடை இருக்கிறது. எத்தனை கிலோவாட் கிடைக்கும்? (கோத்தகிரி)

“நல்ல ஓடை” என்பது அளவு இல்லை. ஹெட் (தண்ணீர் இறங்கும் உயரம்) எத்தனை மீட்டர், வினாடிக்கு எத்தனை லிட்டர் என்ற இரண்டும் இல்லாமல் கடிதம் எழுதாதீர்கள். இரண்டையும் பெருக்கி, வருவதை 5-ஆல் பெருக்கினால் வாட் கணக்கு வந்துவிடும். டர்பைன், ஜெனரேட்டர், வயர் இழப்பு எல்லாம் அதில் அடக்கம். 30 மீட்டர், 6 லிட்டர் என்றால் 900 வாட். லிட்டரைக் கோடையில் அளந்து பாருங்கள்.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் சின்ன டர்பைன் வைத்தால் வீட்டுக்கு ஆகுமா? (மதுரை)

ஆகாது. 10 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு யூனிட் எடுக்க 70,000 லிட்டர் இறங்க வேண்டும். அதை மேலே ஏற்ற மோட்டார் அதைவிடப் பல மடங்கு யூனிட் தின்னும்.

ஆகஸ்டில் அளந்தபோது வினாடிக்கு 20 லிட்டர் வந்தது. ஹெட் 50 மீட்டர். 5 கிலோவாட் டர்பைன்-ஜெனரேட்டர் செட் வாங்க முன்பணம் கொடுக்கப் போகிறேன். சரிதானே? (கூடலூர்)

கொடுக்காதீர்கள். கூடலூரில் ஆகஸ்ட் என்றால் தென்மேற்குப் பருவமழையின் நடுப்பகுதி. அப்போது எந்த ஓடையும் 20 லிட்டர் காட்டும். அதே ஓடை மார்ச்சில் 3 லிட்டருக்கு இறங்கியிருக்கலாம். 3 லிட்டருக்கு 750 வாட்தான், அதுவும் டர்பைன் அந்த அளவுக்கு ஒத்துழைத்தால். பெல்டன் (நாசிலில் பீய்ச்சும் தண்ணீர் கிண்ணங்களில் மோதிச் சுற்றும் சக்கரம்) என்றால் நாலு நாசிலில் மூன்றை அடைத்துவிட்டு ஒன்றில் ஓட்டலாம். பம்பையே டர்பைனாகத் திருப்பி ஓட்டும் செட் என்றால் பாதித் தண்ணீரிலேயே படுத்துவிடும். செட் விற்பவர்கள் மழைக்கால அளவைக் கேட்டு வாங்கிக்கொண்டு பெரிய மெஷினை எழுதிக் கொடுப்பதும், கோடை வந்ததும் “தண்ணீர் இல்லாததற்கு நாங்கள் என்ன செய்வது” என்பதும் மலைப்பகுதியெங்கும் நடக்கிறது. பணம் போவதோடு நிற்பதில்லை. நீர்மின்சாரமே உருப்படாது என்ற பேர் ஊரில் நிலைத்துவிடுகிறது. இது எனக்குப் பெரிய மனக்குறை.

பிப்ரவரியிலிருந்து கோடை மழை தொடங்கும் வரை வாரம் ஒரு முறை அளந்து பாருங்கள். 5 லிட்டருக்குக் கீழே என்றால் 200 லிட்டர் டிரம்மும் ஸ்டாப்வாட்சும் போதும். அதற்கு மேல் என்றால் வி-நாட்ச், அதாவது தண்ணீர் வழிந்தோடும் V வடிவ வெட்டு. மெல்லிய தகரத்தில் 90 டிகிரி வெட்டு, விளிம்பு கூராக இருக்க வேண்டும். தகரத்தை ஓடைக்குக் குறுக்கே நிறுத்தி, பக்கமும் அடியும் களிமண்ணும் பாலிதீன் தாளும் வைத்து அடையுங்கள். ஒரு மீட்டர் மேலே தள்ளி ஒரு முளை அடித்து, அதன் தலையை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து வெட்டின் அடிமுனைக்குச் சமமாக்குங்கள். முளைக்கு மேல் நிற்கும் தண்ணீர் 10 செ.மீ. என்றால் நாலரை லிட்டர், 15 என்றால் 12, 20 என்றால் 25. பலர் ஸ்கேலை வெட்டிலேயே வைத்துப் படிக்கிறார்கள். அங்கே தண்ணீர் சரிந்து இறங்குவதால் அளவு குறைவாகக் காட்டும். 10 செ.மீ.யில் ஒரு செ.மீ. தவறினாலே கணக்கு கால் பங்கு தவறிவிடும். வந்த குறைந்தபட்ச அளவில் ஒரு பங்கை ஓடைக்கே விட்டுவிட்டு, மீதிக்குச் செட் தேடுங்கள். கீழே குடிக்க ஆளும் மாடும் இருக்கிறார்கள். தண்ணீரைத் திருப்ப அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

வால்வு மூடியிருக்கும்போது அழுத்த கேஜ் 4 கிலோ காட்டுகிறது. திறந்ததும் 2.6-க்கு விழுகிறது. குழாய் 63 மி.மீ., 200 மீட்டர், தண்ணீர் 5 லிட்டர். (வால்பாறை)

எல்லா எண்ணும் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. குழாய் ஒல்லி. கேஜில் ஒரு கிலோ என்பது 10 மீட்டர் ஹெட், ஆக உராய்வில் 14 மீட்டர் போகிறது. 90 மி.மீ. போட்டிருந்தால் 2 மீட்டரோடு நின்றிருக்கும். இழப்பு மொத்த ஹெட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

பி.வி.சி. குழாய் மேல்முனையில் சப்பிப் போய்விட்டது. வெடித்தால் புரியும், சப்புவது எப்படி? (கொடைக்கானல்)

இன்டேக்கில், அதாவது தண்ணீர் குழாய்க்குள் நுழையும் இடத்தில், வலையை இலை அடைத்தது. கீழே தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்க, மேலே வெற்றிடம் உண்டாகி வெளிக்காற்று குழாயை நசுக்கியது. இன்டேக் வால்வுக்கு அடுத்தாற்போல், தொட்டி நீர்மட்டத்துக்கு மேல் உயரும் ஒரு காற்றுக்குழாய் வையுங்கள். வலையைச் சாய்வாக வைத்தால் இலை தானே வழுக்கி ஓடும். கீழ்முனையில் பால் வால்வு (உள்ளே உருண்டை இருக்கும், கால் திருப்பில் மூடும் வால்வு) இருந்தால் அதையும் கழற்றுங்கள். சடாரென்று மூடினால் தண்ணீர் அடித்து ஜாயின்ட் தெறிக்கும். கேட் வால்வு போட்டு மெல்ல மூடுங்கள்.

இரவில் எல்லாரும் விளக்கை அணைத்ததும் மிச்ச வீடுகளின் மின்குமிழ்கள் எரிந்து போகின்றன. (ஹட்டன், இலங்கை)

லோட் குறைந்ததும் டர்பைன் வேகமெடுத்து வோல்ட்டேஜ் ஏறுகிறது. உபரி மின்சாரத்தை ஹீட்டருக்குத் திருப்பிவிடும் லோட் கன்ட்ரோலர் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால், அந்த ஹீட்டர் கருகியிருக்கலாம். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தபடி ஹீட்டர் வயரில் கிளாம்ப் மீட்டர் வையுங்கள். கரன்ட் ஏறாவிட்டால் கோளாறு ஹீட்டரில் அல்லது கன்ட்ரோலரில்தான். ஹீட்டர் ஜெனரேட்டரின் அளவைவிட 20 சதவீதம் பெரிதாக, ஓடும் தண்ணீரில் முழுகியிருக்க வேண்டும். அதிக வோல்ட்டேஜில் இணைப்பைத் துண்டிக்கும் டிரிப் ஒன்றும் தேவை.

பெரிய அணை மின்சாரமும் புதுப்பிக்கத்தக்கதுதானா? (சென்னை)

2019 மார்ச்சில் மத்திய அரசு அப்படி அறிவித்தது. அதற்கு முன் 25 மெகாவாட் வரைதான் அந்தக் கணக்கில் வந்தது.

மேட்டூரில் தண்ணீர் நிறைய இருந்தும் மின்சாரம் எடுக்காமல் நிறுத்துகிறார்களே? (சேலம்)

மேட்டூர் பாசன அணை. டெல்டாவுக்குத் திறக்கும்போதுதான் டர்பைன் முழு வீச்சில் சுற்றும். வழக்கமான நாள் ஜூன் 12. மின்சாரத்துக்காக முன்கூட்டித் திறந்தால் நாற்றங்காலுக்குத் தண்ணீர் இருக்காது. நீலகிரியின் பைக்காரா மின்நிலையம் அப்படியில்லை. 1932-லிருந்தே மின்சாரத்துக்காகவே இயங்குவது, ஹெட் 900 மீட்டருக்கும் மேல், அதனால் பெல்டன்.

பழைய 5 எச்.பி. பம்பைத் திருப்பி ஓட்டினால் டர்பைன் ஆகுமா? (போடி)

ஆகும். பம்பாக ஓடும்போது எழுதியிருக்கும் ஹெட், லிட்டர் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். எதிர்த்திசையில் சுற்றுவதால் இம்பெல்லர் நட் கழன்றுவிடும், லாக் வாஷர் போடுங்கள். பம்பின் மூன்று பேஸ் மோட்டாரையே ஜெனரேட்டராக்கி ஒற்றை பேஸ் மின்சாரம் எடுக்கக் கெபாசிட்டர் கட்டும்போது, ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் பெரியதைத் தப்பான பேஸில் கட்டினால் மோட்டார் உறுமிச் சூடேறும். உடனே நிறுத்தி மாற்றிக் கட்டுங்கள். லிட்டரைக் கோடையில் அளந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை.