மணலிக்கு வரும் கூட்ஸ் வண்டி

வணக்கம் சார்,

மாத்தூரில் குடியிருக்கிறேன். மணலியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வேலைக்குப் போகும் வழியில் தொழிற்சாலைகளுக்குப் போகும் கூட்ஸ் தடம் ஒன்று இருக்கிறது. சில வாரம் ஒன்றுமே வராது, புல் முளைத்துக் கிடக்கும். திடீரென்று ஒருநாள் டீசல் இன்ஜின் மூடிய வேகன்களை இழுத்துக்கொண்டு மெதுவாக வரும். லீவு நாளில் என் பையனையும் கூட்டிப் போவேன் (இரண்டாம் வகுப்பு படிக்கிறான்). கடைசிப் பெட்டி போகிறவரை நின்று பார்ப்போம். கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். "செத்துப்போன லைன். பிடுங்கிப் போட்டுவிட்டு ரோடு போட்டால் ஊருக்காவது உபயோகம்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா? நாங்கள் நின்று பார்ப்பதில் ஏதாவது பொருள் உண்டா? பார்ப்பதென்றால் எதைப் பார்க்க வேண்டும்? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், மாத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தடத்தைப் பிடுங்கக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் பையனுக்கு வருகிறேன்.

தினமும் வண்டி வராத தடம் செத்த தடம் என்று நமக்குத் தோன்றுவது, கும்மிடிப்பூண்டி லோக்கலையே பார்த்துப் பழகியதால். சரக்குத் தடத்தின் கணக்கு வேறு. நீங்கள் பார்க்கும் மூடிய வேகனை ரயில்வேயில் பி.சி.என். என்பார்கள். ஒரு வேகனில் ஏறக்குறைய 60 டன் ஏறும். 42 வேகன் சேர்ந்தால் ஒரு முழு ரேக், அதாவது 2,500 டன்னுக்குமேல். அதையே 16 டன் ஏற்றும் லாரிகளில் அனுப்பினால் 150 லாரிக்குமேல் வேண்டும். அந்த லாரிகள் எந்த வழியாகப் போகும் என்று உங்கள் நண்பர்களிடம் கேளுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் இப்போதே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில்தான் நம் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். மாதத்துக்கு ஒரு ரேக் வந்தால்கூட, அத்தனை லாரிகள் அந்தச் சாலைகளுக்கு வராமல் போகின்றன.

சரி, அப்படியானால் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது? விசாரித்துப் பார்த்தால் ஒன்றுக்கு நாலு காரணம் இருக்கிறது.

வடக்கே விஜயவாடாவுடன் சென்னை இணைந்தது 1899-இல். அந்தத் தடத்தை ஒட்டித்தான் வடசென்னையின் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்தன. விம்கோ நகர் ஸ்டேஷன் பெயரிலேயே ஒரு தீப்பெட்டிக் கம்பெனி இருக்கிறது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் ஓட ஆரம்பித்தது, பக்கத்திலேயே உர ஆலை 1971-இல். அந்தக் காலத்தில் பெரிய தொழிற்சாலை என்றால் உள்ளே ஒரு சைடிங் (மெயின் லைனிலிருந்து பிரிந்து வரும் தனித் தடம்) வேண்டும், அதில் கேள்வியே கிடையாது. அப்போது ரயில்வே ஒற்றை வேகனையும் ஏற்றுக்கொண்டது. ஒருவருக்கு இரண்டு வேகன் இரும்பு, இன்னொருவருக்கு ஒரு வேகன் மரம். எல்லாம் கலந்து வரும் வண்டியை யார்டில் பிரித்து, சேர்த்து, மறுபடி பிரித்து அந்தந்த இடத்துக்கு அனுப்புவார்கள். தண்டையார்பேட்டை போன்ற யார்டுகளுக்கு இரவும் பகலும் அதுதான் வேலை.

இந்த முறையில் ஒரு வேகன் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். யார்டுகள் அடைத்துக்கொள்ளும். அதனால் 1980-களில் ரயில்வே முழு ரேக் முறைக்கு மாறியது: ஒரே சரக்கு, ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கும் ஒரே வண்டி. ரயில்வேக்கு இது பெரிய லாபம், வண்டிகள் வேகமாக ஓடின. ஆனால் மாதம் நாலு வேகன் சரக்கு வைத்திருந்த சின்ன முதலாளிக்கு அங்கே இடமில்லாமல் போனது. அவர் லாரி புக்கிங் ஆபீசுக்குப் போனார். போனவர் திரும்பவில்லை. விடுதலை அடைந்த காலத்தில் நாட்டின் சரக்கில் முக்கால் பங்குக்குமேல் ரயிலில் போனது. இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

எண்ணெய்க்குக் குழாய் வந்தது. சென்னையிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்குப் போகும் குழாய்ப்பாதை 2005 வாக்கில் வந்தபின், டாங்கர் வேகனில் போன பெட்ரோலும் டீசலும் பெருமளவு மண்ணுக்கடியில் போகின்றன. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, திரவத்துக்குக் குழாய்தான் நல்ல வழி. மணலி உர ஆலையும் 2019-இல் நாப்தாவை (கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் ஒரு திரவம்) விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறிவிட்டது. அந்த எரிவாயுவும் எண்ணூரிலிருந்து குழாயில்தான் வருகிறது. ஆனால் உள்ளே வருவது குழாயில் வந்தாலும் வெளியே போவது மூட்டை. மூட்டையைக் குழாயில் அனுப்ப முடியாது. உரத்துக்கும் சிமென்ட்டுக்கும் அரிசிக்கும் வேகன் வேண்டும், வேகனுக்குத் தடம் வேண்டும்.

ஒருமுறை விட்டுவிட்டால் திரும்ப வராது என்பதற்கு வெளியூரில் உதாரணம் தேட வேண்டாம். மணலிக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயைப் பாருங்கள். ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். விறகும் உப்பும் படகு படகாக வந்த வழி. 1960-களின் நடுவில் அடித்த புயல்களில் சேதமானது. சரிசெய்யும் அவசரம் யாருக்கும் இல்லை, லாரிதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். இப்போது அதைத் தூர்வாரி மறுபடி படகு விட வேண்டும் என்று அவ்வப்போது பேச்சு வரும், போகும். நகரத்துக்குள் கரை சுருங்கி, கழிவு நிறைந்து, மேலே பறக்கும் ரயிலின் தூண்களும் நின்றுவிட்டன. ரயில் தடத்துக்கும் அதுதான் நடக்கும். தண்டவாளத்தை எடுத்த மறுவருடம் அந்த நிலத்தில் என்ன முளைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ரோடு மட்டும் முளைக்காது.

இப்படிச் சொல்வதால் சரக்கு வண்டி எல்லாமே நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் ஏற்றி இறக்கிய காலத்தில் ராயபுரத்துக்காரர்கள் கொடியில் வெள்ளைத் துணி காயப்போட முடியாது. சாப்பாட்டுத் தட்டில் கரித்தூள் படியும். உயர் நீதிமன்றம் சொன்னபிறகு 2011 அக்டோபரோடு அது நின்றது, நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. நின்றது நியாயம். எண்ணூரின் பழைய அனல்மின் நிலையமும் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. அந்தக் கரி வண்டிகள் திரும்ப வேண்டும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. ஒரு தடத்தில் என்ன சரக்கு போகிறது, அதன் தூசி யார் வீட்டில் விழுகிறது என்று கேட்டாக வேண்டும். கேட்டு, சரக்கை மாற்றலாம், மூடி அனுப்பலாம். தடம் இருக்கட்டும்.

கேட் பிரச்சினையும் அப்படித்தான். கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டிக்காகக் கேட் மூடி, இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்க, நடுவில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தில் தப்பில்லை. மேம்பாலமும் சுரங்கப்பாதையும் வடசென்னைக்கு எப்போதும் கடைசியில்தான் கிடைக்கின்றன. உங்கள் நண்பர்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

இனி உங்கள் பையனுக்கு.

வண்டி வராத நாளில் தண்டவாளத்தின் மேல்முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணூர்க் கடல்காற்றுக்கு இரும்பு ஓரிரு நாளில் செம்மை தட்டிவிடும். சக்கரம் உருண்டு போன இடத்தில் மட்டும் ஒரு பட்டை பளபளக்கும். அந்தப் பளபளப்பு எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தே கடைசியாக வண்டி எப்போது வந்தது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். சாலையில் நின்று குனிந்தாலே தெரியும், தடத்துக்குள் போகவேண்டியதில்லை.

வண்டி வரும்போது வேகனின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் 11 இலக்க எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. ஐந்தாவதும் ஆறாவதும் வேகன் செய்த வருடம்: 98 என்றால் 1998, 14 என்றால் 2014. பிறகு நாலு இலக்கம் அதன் சொந்த எண், கடைசி ஒன்று எண்ணைச் சரிபார்க்க. ஒரே ரேக்கில் உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் செய்த வேகனும் உங்கள் பையனைவிட இளைய வேகனும் அடுத்தடுத்து வரும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கணக்குப் பாடம் கிடைக்காது.

இன்ஜினை மாட்டியபிறகும் வண்டி ஏன் நகராமல் நிற்கிறது என்று அவன் கேட்பான். வேகனுக்கு வேகன் ரப்பர் குழாய் மாட்டியிருக்கும், அதன் வழியாகக் கடைசி வேகன்வரை காற்று போய் நிரம்ப வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம். காற்று நிரம்பினால்தான் பிரேக் விடும். நடுவில் எங்காவது குழாய் பிடுங்கிக்கொண்டால் காற்று இறங்கி, யாரும் தொடாமலே பிரேக் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு கனமான வண்டியை நம்பி ஊருக்குள் விட முடிவதே இதனால்தான். கிளம்பும்போது முன்னாலிருந்து பின்னால்வரை ஒவ்வொரு இணைப்பாக இழுபட்டு 'டக் டக் டக்' என்று சத்தம் ஓடும். அவனுக்கு மிகவும் பிடிக்கப்போவது அதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும்விட ஆட்களைப் பாருங்கள். தடம் மாற்றிவிட்டுக் கொடியோடு முன்னால் நடக்கும் பாயிண்ட்ஸ்மேன், இன்ஜினில் இருப்பவர், கடைசிப் பெட்டியில் கார்டு (2022 முதல் அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர்). சைடிங்கில் ரேக்கைப் பின்னால் தள்ளும்போது டிரைவருக்கு முன்னால் நடப்பது எதுவும் கண்ணில் படாது. கடைசி வேகன் பக்கம் நிற்பவரின் கையசைவை நம்பித்தான் அவர் அத்தனை டன்னையும் நகர்த்துகிறார். மழையில், வெயிலில், ஜல்லியில் கால் சறுக்க நடந்துகொண்டே இரண்டு வேகன்களுக்கு நடுவில் புகுந்து இணைப்பைப் பிரிப்பவரின் வேலையில் கவனம் ஒரு நொடி தப்பினால் கை போகும், உயிரும் போகும். வடசென்னையில் இப்படிப்பட்ட வேலைகள் பெரும்பாலும் மதில்சுவருக்குப் பின்னால் நடக்கின்றன. சுவருக்கு வெளியே நாம் பார்க்கக் கிடைக்கிற சில நிமிடங்கள் இவை.

சுமை தூக்குபவர்களையும் மறக்க வேண்டாம். 45 கிலோ யூரியா மூட்டையாக இருந்தால் ஒரு வேகனுக்கு 1,300 மூட்டைக்குமேல். ரேக் வந்து நின்றதும் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். குறித்த நேரத்துக்குள் வேலை முடியாவிட்டால் மணிக்கு இவ்வளவு என்று டெமரேஜ் (தாமதக் கட்டணம்) கட்ட வேண்டும். அதனால் ரேக் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் ஆட்களும் இரண்டு மணிக்கு வந்தாக வேண்டும். உங்கள் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் எதிரே போகிறவர்களில் சிலர் அவர்களாகவும் இருக்கலாம். உங்களைப் பார்த்துச் சிரிக்கும் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள். அவர்களும் ஷிப்டு பார்ப்பவர்கள்தானே, புரியும்.

நிற்கும் இடம் பற்றி ஒரு கண்டிப்பு. கேட்டுக்கு வெளியே, சாலையில்தான் நிற்க வேண்டும். தடத்தில் இறங்குவது 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் குற்றம். சட்டத்தை விடுங்கள், தள்ளிக்கொண்டு வரும் ரேக் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும். நிற்கும் வேகனுக்கு அடியில் குனிந்து போவதைப் பெரியவர்களே செய்கிறார்கள். பையன் அதை ஒருநாளும் செய்யக் கூடாது. சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் போட்டோவும் வேண்டாம்.

உங்கள் தடத்தில் ஒன்றும் வராத வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் லோக்கல் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை தாண்டும்வரை டாங்கர் ரேக்கும் கன்டெய்னர் ரேக்கும் ஏதாவது ஒரு தடத்தில் நின்றுகொண்டிருக்கும். நேரமிருந்தால் ராயபுரம் ஸ்டேஷனுக்கும் கூட்டிப் போங்கள். 1856 ஜூலையில் வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் ஓடியது. அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது.

பையனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து வேகன் எண்களைத் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். முதல் பக்கம் நிறைந்ததும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த வேகன் எந்த வருடத்தது என்று அவனோடு சேர்ந்து நானும் பார்க்கிறேன்.

அன்புடன்.