ஒரே பாட்டின் இருபது ரீமிக்ஸ்களைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்ப்பதில் என்ன கிடைக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டே வரி. பிடித்த எலக்ட்ரானிக் குழுவின் ரீமிக்ஸ்களை, அதாவது வந்த பாட்டையே வேறு மாதிரி மறுபடி செய்த வடிவங்களை, சேர்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள், எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று புரியவில்லை, பக்கத்தில் இருப்பவர்களோ "எல்லாம் ஒரே பாட்டுத்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு நேரம்" என்கிறார்கள். அந்தக் கடைசிப் பேச்சுதான் என்னை எழுத உட்காரவைத்தது. அதை நான் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்நேரம் உங்கள் கணினியில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் ஒரே பாட்டு எட்டுத் தடவை கிடக்கும். ஒன்றின் பெயர் 'எக்ஸ்டெண்டட்', ஒன்று 'கிளப் மிக்ஸ்', ஒன்று வெறும் 'ரீமிக்ஸ்', இரண்டு கோப்புகளுக்குப் பெயர் ஒன்று, நீளம் வேறு. எது எந்த இசைத்தட்டிலிருந்து வந்தது என்று எதிலும் இருக்காது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எனக்கு உயிர் டெபெஷ் மோட் என்ற இங்கிலாந்துக் குழு, அதனால் உதாரணம் எல்லாம் அங்கிருந்தே வரும், உங்கள் குழு வேறாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். 1990-ல் வந்த 'என்ஜாய் த சைலன்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவுக்குப் பாட்டு எழுதுகிற மார்ட்டின் கோர் அதை முதலில் ஹார்மோனியம் வைத்து மெதுவான பாட்டாகத்தான் போட்டு வைத்திருந்தார். வேகத்தைக் கூட்டி ஆடுகிற பாட்டாக மாற்றலாம் என்று சொன்னவர் அப்போது குழுவில் இருந்த ஆலன் வைல்டர், கோருக்கு ஆரம்பத்தில் அது பிடிக்கவே இல்லை. தயாரிப்பாளர் ஃப்ளட்டும் வைல்டரும் வற்புறுத்தியதால்தான் இன்று எல்லோருக்கும் தெரிந்த வடிவம் வந்தது. அந்த மெதுவான வடிவமும் கோர் குரலிலேயே 'ஹார்மோனியம்' என்ற பெயரில் சிங்கிளோடு (ஒரு பாட்டை முன்வைத்துத் தனியாக விற்கும் தட்டு) வெளியானது. அப்போதே 15 நிமிடத்துக்கு மேல் ஓடும் 'த குவாட்: ஃபைனல் மிக்ஸ்' என்று ஒன்றும் வந்தது. பிறகு 2004-ல் லிங்கின் பார்க் என்ற ராக் குழுவின் மைக் ஷினோடா கனத்த கிடார் வைத்து அதை மறுபடி செய்தார். இவற்றை ஒரே இரவில் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஹார்மோனியம் வடிவத்தில் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். குழுவின் முதன்மைப் பாடகர் டேவ் கஹான் பாடிய சிங்கிளில் அதே வார்த்தைகளை எதிரில் இருப்பவரிடம் சொல்கிறார். ஷினோடாவிடம் வந்ததும் அதிலே கோபம் ஏறிவிடுகிறது. வார்த்தை ஒன்று மாறவில்லை. இதைக் கேட்ட பிறகும் "ஒரே பாட்டுத்தானே" என்றால் அவர்கள் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எல்லா ரீமிக்ஸும் அருமை என்று நான் சொல்ல வரவில்லை. பாதிக்குமேல் ஒரு தடவைக்கு மேல் கேட்க முடியாது. குரலை ஒரு வரிக்கு நறுக்கி, அடியில் ஒரு டிரம்மை எட்டு நிமிடம் ஓடவிட்டவர்கள் நிறையப் பேர். ஆனால் அதையும் கேட்டால்தான் நல்லது எதனால் நல்லது என்று பிடிபடுகிறது.

இந்த நீளமான வடிவங்கள் ஏன் வந்தன என்று தெரிந்தால் தேடுவதும் சுலபமாகிவிடும். கிளப்பில் ஆடுகிறவர்களுக்கு மூன்றரை நிமிடப் பாட்டு போதாது. 12 அங்குலத் தட்டில் வரிப்பள்ளங்களை அகலமாக வெட்டலாம், அதனால் சத்தமும் பேஸும் (கீழ்ஸ்தாயி ஒலி) கூடும், நீளமும் கிடைக்கும். 1976-ல் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பர்சென்ட்' பாட்டை வால்டர் கிப்பன்ஸ் ரீமிக்ஸ் செய்து, அது 12 அங்குல சிங்கிளாகக் கடைக்கு வந்தது. பொதுமக்களுக்கு விற்ற முதல் 12 அங்குல சிங்கிள் அதுதான் என்பார்கள். எண்பதுகளில் பாப் குழுக்கள் எல்லாம் அந்த வழிக்கு வந்துவிட்டன. டெபெஷ் மோடின் 'பிஹைண்ட் த வீல்' பாட்டுக்கு ஷெப் பெட்டிபோன், 'பர்சனல் ஜீசஸ்' பாட்டுக்கு ஃபிரான்ஸ்வா கெவோர்க்கியன் என்று கிளப் ஆட்களே உள்ளே வந்தார்கள். 'ஸ்ட்ரேஞ்ச்லவ்' இன்னும் சிக்கல். 1987-ல் சிங்கிளாக வந்தது ஒன்று, ஆல்பத்தில் இருப்பது வேறு மிக்ஸ், அடுத்த வருடம் பாம் த பேஸ் என்ற நடன இசைக் குழு செய்தது இன்னொன்று. அங்கே 'அசல்' என்ற சொல்லே நிற்காது.

சரி, என் கதைக்கு வருகிறேன். இந்தப் பதிலே அதற்காகத்தான்.

ஒரு அட்டவணை போட்டு வைத்திருந்தேன். பாட்டு, மிக்ஸின் பெயர், செய்தவர், நொடி வரை நீளம், தட்டின் எண். டெபெஷ் மோடின் தட்டுகளை வெளியிட்ட மியூட் நிறுவனம் அவர்களின் சிங்கிள்களுக்கு 'பாங்' என்று ஒரு வரிசை வைத்திருந்தது, என்ஜாய் த சைலன்ஸ் அதில் 18. முன்னால் 12 என்று இருந்தால் 12 அங்குலத் தட்டு, அதற்கும் முன்னால் எல் வந்தால் குறைந்த எண்ணிக்கையில் வந்த தட்டு, எக்ஸ்எல் என்றால் அதற்கும் மேலே ஒன்று. இது பழகிவிட்டால் எண்ணைப் பார்த்ததும் தட்டே கண்ணுக்குத் தெரியும்.

அந்த அட்டவணையில் தட்டு எண் இல்லாமல் ஒரே ஒரு வரி. என்ஜாய் த சைலன்ஸ் பாட்டின் ஒன்பது நிமிட வடிவம், யாருடைய தொகுப்பிலிருந்தோ கைமாறி வந்த எம்பி3, 'வெளிவராத டப்' என்று பெயர். டப் என்றால் குரலைக் குறைத்துத் தாளத்தையும் பேஸையும் முன்னால் வைக்கும் வடிவம். எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. முதல் பாதியில் குரலே இல்லாமல் பேஸ் மட்டும் நடந்துகொண்டிருக்கும், நடுவில் சட்டென்று பாட்டு திறந்துகொள்ளும். "வெளிவராதது, ப்ரோமோ தட்டாக இருக்கலாம்" என்று எழுதி வைத்தேன், அதாவது விற்பனைக்கு இல்லாமல் விளம்பரத்துக்காக மட்டும் அனுப்பிய தட்டு. அட்டவணையைப் பொதுவில் போட்டேன். ஒரு வருடத்தில் மற்றவர்களின் பட்டியல்களிலும் அது வந்துவிட்டது. கைமாறியதில் அந்த "இருக்கலாம்" மட்டும் காணாமல் போயிருந்தது.

நாலு வருடம் கழித்து ஒருவர் எழுதினார். என்னைவிட மூத்தவர், 12 அங்குலத் தட்டுகள் வந்த காலத்திலேயே வாங்கியவர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், நேரில் பார்த்ததில்லை. "தம்பி, நாலு நிமிஷம் பன்னிரண்டாவது செகண்டுல ஹை-ஹாட்டைக் கேளு. அதோட வால் எங்க போச்சு?" அவ்வளவுதான் செய்தி. ஹை-ஹாட் என்பது டிரம் செட்டில் இருக்கும் ஜோடித் தாளம், வால் என்றால் அடித்த பிறகு தேய்ந்துபோகும் ஒலி.

ஹெட்ஃபோனைப் போட்டு அந்த இடத்தைப் பத்துத் தடவை கேட்டேன். பிறகு ஒலி எடிட்டரில் திறந்து, ஒரு நொடி திரை முழுக்க வருகிற அளவுக்குப் பெரிதாக்கினேன். திறந்த ஹை-ஹாட் அடித்தால் அந்த அலை மெல்ல மெல்ல ஒல்லியாகித்தான் தேயும். இங்கே பாதி தேய்ந்த அலை சுவரில் மோதியதுபோல் செங்குத்தாக நின்றுவிட்டது, அடுத்த புள்ளியிலிருந்து வேறு டிரம். அது மட்டும் போதாது, அந்தக் காலத்து ரீமிக்ஸ்காரர்களே டேப்பை வெட்டி ஒட்டினவர்கள்தான். அதனால் என்னிடம் இருந்த சிடியிலிருந்து அதிகாரபூர்வமான மிக்ஸ்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்து, தொடக்கத்தை மிகச் சரியாகப் பொருத்தி, சத்த அளவைச் சமமாக்கி, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கிக் கூட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே மிக்ஸ் என்றால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மூன்றாவது மிக்ஸை வைத்தபோது பாட்டு முழுக்க மறைந்து, எம்பி3 சுருக்கம் விட்டுப்போன மெல்லிய சலசலப்பு மட்டும் மிஞ்சியது. நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி வரை அப்படி. அதற்குப் பிறகு இன்னொரு மிக்ஸோடு அதே மாதிரி.

கடையில் கிடைத்த இரண்டு மிக்ஸ்களை ஒரு ரசிகர் நடுவில் ஒட்டியிருக்கிறார். நன்றாகவே ஒட்டியிருக்கிறார், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, தன் ஆசைக்குச் செய்தது எங்கேயோ நழுவி வந்திருக்கும். தப்பு என்னுடையது. தட்டு எண் இல்லாத ஒன்றை அட்டவணையில் ஏற்றினேன், அதையும் பிடித்திருந்தது என்பதற்காக ஏற்றினேன்.

மூன்று இரவு உட்கார்ந்து, எடுத்துப் போட்டவர்களுக்கெல்லாம் எழுதினேன். பலர் திருத்திவிட்டார்கள். ஒருவர் மட்டும், அது உண்மையான ப்ரோமோதான், ஆதாரம் இதோ என்று ஒரு பழைய பட்டியலை அனுப்பினார். திறந்து பார்த்தால் என் பட்டியல். அதை எழுதியவனே நான்தான் என்று சொல்லியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று வந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இதைப் படித்ததும் "இசையைக் காதால் கேட்கணும், கணினியில் அளக்கக் கூடாது" என்று யாராவது கீழே எழுதுவார்கள். அந்த ஹை-ஹாட்டை அண்ணா காதால்தான் பிடித்தார், கணினி பிறகுதான் வந்தது. இன்னொன்று, திருட்டுக் கோப்பு பற்றி அறிவுரை சொல்ல வருகிறவர்களுக்கு: அட்டவணையில் இருக்கிற தட்டுகளில் நான் காசு கொடுத்து வாங்காதவற்றை விரல்விட்டு எண்ணலாம்.

நீங்கள் ஒப்பிடும்போது சத்தத்தை முதலில் சமப்படுத்துங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது காதுக்கு எப்போதும் மேலானதாகத்தான் தோன்றும், பிறகு வந்த ரீமாஸ்டர்கள் (பழைய பதிவின் ஒலியைத் திருத்திய மறுவெளியீடுகள்) பல அந்த ஒரு காரணத்தால்தான் ஜெயித்த மாதிரி தெரிகின்றன. தட்டிலிருந்து பதிவு செய்தவை என்றால் வேகத்தைப் பாருங்கள். பிளேயர் 1% மெதுவாக ஓடினால் 7 நிமிடப் பாட்டு 4 நொடி நீண்டுவிடும், அதைப் புது மிக்ஸ் என்று நினைத்துச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தட்டு கையில் இருந்தால் நடு லேபிளைச் சுற்றி வெறுமையாக இருக்கும் இடத்தில் கீறியிருக்கும் எழுத்தைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், லேபிள் மாறி ஒட்டப்படுவது உண்டு. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தில் 16 கிலோஹெர்ட்ஸை ஒட்டி எல்லாம் கத்தரித்ததுபோல் நின்றால், கோப்பின் பெயர் எவ்வளவு உயர்தரம் என்று சொன்னாலும் அது நிறையச் சுருக்கிய பழைய 128 கேபிபிஎஸ் எம்பி3-தான் என்று சந்தேகப்படுங்கள். தொகுப்பு ஆல்பங்களை மட்டும் நம்பி நின்றுவிடாதீர்கள். 2004-ல் டெபெஷ் மோடின் ரீமிக்ஸ் தொகுப்பு மூன்று சிடி வரை வந்தது, 2011-ல் இன்னொன்று வந்தது, அதில் குழுவை விட்டுப் போன வின்ஸ் கிளார்க்கும் ஆலன் வைல்டரும்கூட ஆளுக்கொன்று செய்திருந்தார்கள், எனக்குக் கண் கலங்கிய ஆல்பம் அது. ஆனால் வெளியே நிற்பவை அதைவிட அதிகம்.

தட்டு விவரங்களுக்கு டிஸ்காக்ஸ் இருக்கிறது. 2000-ல் எலக்ட்ரானிக் இசைக்காகவே தொடங்கப்பட்ட தளம், அதனால் இந்தப் பக்கம் ஆழமாகவே இருக்கும்.

பெயர் பற்றி ஒன்று. என் அட்டவணையை அப்படியே எடுத்து, எழுத்துப் பிழை உட்பட, தன் பெயரில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. என் பிழைகள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்திருந்ததால் உடனே பிடிபட்டது. காசு கேட்கவில்லை, ஒரு வரி நன்றி போட்டிருந்தால் போதும். முன்பு வேலை பார்த்த அலுவலகத்திலும் இதே கதை. எட்டு மாதம் உட்கார்ந்து நான் தயாரித்த ஒரு கணக்கு விவரத்தை, முதல் பக்கத்தை மட்டும் மாற்றி மேலே இருந்தவர் தன் வேலையாகக் கொண்டுபோய்க் காட்டினார். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் கைதட்ட வேண்டியிருந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் யார் செய்தது என்று எழுதிவைக்கிற பழக்கத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது அங்கிருந்து வந்ததுதான். யாரோ ஒருவர் ஒரு வாரம் ஸ்டூடியோவில் கிடந்து செய்த மிக்ஸை 'ரீமிக்ஸ் 3' என்று எழுதுவதற்கு எனக்குக் கை வராது. பாட்டுக் கேட்கிற செயலியிலும் இதேதான் நடக்கிறது. நான் சேமித்து வைத்திருந்த ஐந்து வடிவங்கள் ஒருநாள் கேட்க முடியாதபடி மங்கிப்போய் நின்றன, திரும்பி வந்தபோது ரீமிக்ஸ் செய்தவர் பெயரே இல்லை. எழுதிக் கேட்டேன், எல்லோருக்கும் அனுப்புகிற அதே பதில்தான் வந்தது.

அந்த ஒன்பது நிமிடக் கோப்பை நான் அழிக்கவில்லை. அட்டவணையில் அந்த வரியும் இருக்கிறது, சிவப்பில், "இரண்டு மிக்ஸ்களை ரசிகர் ஒருவர் ஒட்டியது, வெட்டு 4:12-ல்" என்று, கண்டுபிடித்தது யார் என்பதோடு. அண்ணா தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். அவர் பேச்சை நான் கேட்கவில்லை.

உங்கள் குழு எது என்று சொல்லவே இல்லையே. அந்த எட்டுக் கோப்புகளின் நீளத்தையும் நொடி வரை எழுதிக் கீழே போடுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.