உத்தரம் உளுத்தால் வீட்டையே இடிக்கணுமா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மயிலாப்பூரில் ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி மனை) நூறு வருடத்து வீடு. கீழும் மேலுமாக 2,400 சதுர அடி, நடுவில் முற்றம், தேக்குத் தூண்கள். மெட்ராஸ் டெரஸ் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது. “இனி தாங்காது, இடித்துவிட்டு ஃபிளாட் கட்டலாம், பாதிக்குப் பாதி” என்கிறார் பில்டர். என்ன செய்யலாம்?

பதில்: கையெழுத்துக்கு முன்னால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சென்னையில் உயரமான கட்டடம் என்ற வகையில் சேராதவற்றுக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2. உங்கள் 2,400 சதுர அடி மனையில் 4,800 கட்டலாம். பாதி என்றால் 2,400. அதிலும் படிக்கட்டு, லிஃப்ட், நடைவழிப் பங்கு கழியும். இன்று புழங்குவதைவிடக் குறைவான இடம்தான் கைக்கு வரும், முற்றமும் போய்விடும். கட்டணம் கட்டிக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்கப்போவதாகச் சொன்னால், அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி கூரை. உத்தரத்தின் மேல் குறுக்குக் கட்டைகள். அவற்றின் மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சிறு செங்கல்லை நிற்கவைத்து, மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்கி, தட்டோடு பதித்திருப்பார்கள். இந்தக் கூரை பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை. மழைநீர்த் தூம்பு அடைத்துக்கொண்டு, தண்ணீர் சுவரோரமாக இறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர நுனியை நனைக்கிறது. காற்றுப் படாத அந்த ஒரு முழம்தான் முதலில் உளுக்கும்.

ஏணி வைத்து ஏறி, சுவரையொட்டி ஒவ்வொரு உத்தரத்தையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’கென்று கேட்டால் மரம் நன்றாக இருக்கிறது. ‘பொத்’தென்று கேட்டால் அங்கே ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள், அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த நுனி போய்விட்டது. போனது நுனி மட்டும்தான், உத்தரம் முழுவதும் அல்ல. இருபுறமும் சவுக்குக் கம்பு முட்டுக்கொடுத்து, கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, நல்ல மரத்தின் இரு பக்கமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் முறுக்கி, சேனலைச் சுவரில் உட்காரவைக்கலாம். சேனலின் அளவை, மரவேலை தெரிந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர்தான் சொல்ல வேண்டும். மறுபடி பூசும்போது நுனியைச் சுற்றி அரை அங்குலம் காற்றிடைவெளி விடச் சொல்லுங்கள். விடாவிட்டால் அடுத்த நுனியும் அதே கதிதான்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: ஒழுகுகிறதென்று மேலே கான்கிரீட் கொட்டுவது. பத்துக்குப் பத்து அறையின் மேல் இரண்டு அங்குலம் போட்டாலே ஒரு டன்னுக்கு மேல் பாரம் ஏறும். வெயிலில் கான்கிரீட்டும் சுண்ணாம்புத் தளமும் ஒரே மாதிரி விரியாது. வெடிப்பு விழும், உள்ளே போன தண்ணீருக்கு ஆவியாக வழி இருக்காது, பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி உத்தர நுனிக்கே போய்ச் சேரும். ‘பழைய வீடு தானாக விழுந்தது’ என்று சொல்லப்படும் பல இடங்களில் அதைத் தள்ளியது இப்படிப்பட்ட ரிப்பேர்தான்.

கேள்வி: சுவரில் மூன்றடி உயரம்வரை உப்புப் பூத்து, சிமென்ட் பூச்சு உப்பி விழுகிறது. மூன்று முறை பூசியும் நிற்கவில்லையே?

பதில்: நான்காம் முறையும் நிற்காது. தரையிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சு வழியே மெல்ல வெளியேறிவிடும்; சிமென்ட் அதை அடைத்துவிடுகிறது. உள்ளே தங்கும் உப்பு பூச்சைத் தள்ளுகிறது, செங்கல்லையும் அரிக்கிறது. சிமென்ட்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரைச் சில வாரம் உலர விடுங்கள். சுண்ணாம்பை நீற்றி, சலித்து, குறைந்தது 15 நாள் தண்ணீரில் மூழ்கியபடி வையுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு மணல். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரில் குழைக்க வேண்டும். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வெடிக்கும். ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘கொஞ்சம் சிமென்ட் கலந்தால் சீக்கிரம் இறுகும்’ என்று மேஸ்திரி சொன்னால் சம்மதிக்காதீர்கள். மேலே பிளாஸ்டிக் பெயின்ட்டும் வேண்டாம்; சுண்ணாம்பு அடித்தால் போதும்.

கேள்வி: நகரம் வளர வேண்டாமா? எல்லாப் பழைய கட்டடத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதில்: எல்லாவற்றையும் வைக்கச் சொல்லவில்லை, பயன்படுத்தச் சொல்கிறோம். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் இன்று ரயில்வேயின் பல மாடிக் கட்டடம் நிற்கிறது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் கல்சா மஹாலும் எரிந்தது. அதை இடிக்காமல் மீட்டெடுத்தார்கள். இன்று பசுமைத் தீர்ப்பாயம் அங்கே நடக்கிறது. அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் வேலை 2006-ல் தொடங்கியபோது, வழக்குப் போட்டுத்தான் நிறுத்த முடிந்தது. உங்கள் கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று சி.எம்.டி.ஏ.வில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கேளுங்கள். இருந்தால், மாற்றம் செய்யும் முன் பாரம்பரியக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

இடிக்கத்தான் வேண்டும் என்று குடும்பம் முடிவெடுத்தால், ஒப்பந்தத்துக்கு முன்பே தூண், கதவு, உத்தரம், சன்னல் கம்பி ஒவ்வொன்றையும் அளந்து படமெடுத்து, யாருக்குச் சொந்தம் என்று எழுதி வாங்குங்கள். இடிக்கும் காண்ட்ராக்டர் கணக்குப் போடுவதே அந்தத் தேக்கை வைத்துத்தான்.