கலப்பத்தா, கலப்பற்றா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் தாத்தா தூத்துக்குடியில் தோணிகளுக்குக் கலப்பத்து அடித்தவர். அவரைப் பற்றி என் மகன் பள்ளியில் ஒரு கட்டுரை எழுதினான். ஆசிரியர் சிவப்பு மையில் ‘கலப்பற்று’ என்று திருத்தி, ‘கலம் + பற்று, அதாவது கலத்தைப் பற்றிக்கொண்டிருப்பது’ என்று ஓரத்தில் விளக்கமும் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் ‘பற்று’ என்று சொல்லிக் கேட்டதில்லை. எது சரி? இது தமிழ்ச் சொல்தானா? கடலோடிய இனத்துக்கு இந்த வேலைக்குச் சொந்தமாக ஒரு சொல் இல்லாமலா இருந்திருக்கும்?

தாத்தாவின் உளிகள் இரண்டு இன்னும் பரணில் கிடக்கின்றன. வாய் மழுங்கிப்போய்விட்டது. சாணை பிடித்து வைக்கலாம் என்று இவர் சொல்கிறார்.

இப்படிக்கு,
தூத்துக்குடி வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகனிடம் சொல்லிவிடுங்கள், அவன் எழுதியதில் பிழை இல்லை. ஆசிரியரும் தானாக இட்டுக்கட்டவில்லை. அகராதிகளில் ‘கலப்பற்று’ என்ற எழுத்துக்கூட்டலும் இருக்கிறது. அதை நம்பித்தான் திருத்தியிருப்பார். ஆனால் அந்த ‘ற்’ எப்படி உள்ளே வந்தது என்று பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது.

மற்ற வாசகர்களுக்காக அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். மரக்கலத்தின் பக்கவாட்டில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். எவ்வளவு கைத்தேர்ந்த தச்சர் இழைத்தாலும் அது இருக்கும். அந்தச் சந்தில் பஞ்சுத் திரியை வைத்து, உளியால் உள்ளே தள்ளி, கொட்டாப்புளியால் அடித்து இறுக்க வேண்டும். அதற்கு மேல் குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிய கூழைப் பூசுவார்கள். இதுதான் கலப்பத்து. பல வருடங்களுக்கு முன் உங்கள் ஊரில் ஒரு பெரியவர் இந்த வேலையைச் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தொடையில் பஞ்சை உருட்டி உருட்டித் திரியாக்குவார். கொஞ்சம் கொஞ்சமாக மடித்துச் சந்தில் கொடுத்துக்கொண்டே அடிப்பார். முதலில் ‘தொப் தொப்’ என்று வரும் சத்தம் பஞ்சு இறுக இறுக ‘டக் டக்’ என்று மாறும். “கண்ணால பாக்குற வேலை இல்ல தம்பி, காதால பாக்குறது” என்றார். தளர விட்டால் திரி கழன்று தண்ணீர் புகும். ரொம்ப இறுக்கினாலும் ஆபத்துதான். கடலில் ஊறிப் பலகை உப்பும்போது அதற்கு இடம் இல்லாமல் ஆணியை நெம்பிவிடும்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

பேச்சில் நாம் காற்றைக் காத்து என்கிறோம், நேற்றை நேத்து என்கிறோம். அதனால் பேச்சில் ஒரு ‘த்து’ காதில் விழுந்தால் படித்தவர் மனம் தானாகவே ‘ற்று’ என்று திருத்திவிடும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ‘ற்று’வாகப் பிறக்காத சொல்லையும் இதே பழக்கத்தில் திருத்திவிடுவோம். கலப்பத்துக்கு அதுதான் நடந்தது என்பது என் எண்ணம். முன்பாதியில் ‘கலம்’ தயாராக இருந்தது, பின்பாதியை ‘பற்று’ ஆக்கிவிட்டால் பொருளும் கூடி வந்துவிட்டது. இவ்வளவு பொருத்தமாகப் பிரியும் சொல்லைக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மலையாளிகள் ‘ற்று’வையும் ‘த்து’வையும் இன்றுவரை பேச்சிலேயே பிரித்துச் சொல்கிறார்கள். நம் ‘பற்று’ அவர்கள் வாயிலும் ‘பற்று’தான், நாக்கு பல்லுக்குப் போகாது. கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் பேப்பூரில் உரு என்ற பெரிய மரக்கலங்களைக் கட்டுகிறார்கள் அல்லவா, அங்கே இந்த வேலைக்குப் பெயர் கல்பத்து. பல்லில் நாக்கு படும் ‘த்து’. கலம் + பற்று என்பது மூலமாக இருந்திருந்தால் அங்கே ‘ற்று’ காணாமல் போயிருக்க வழியில்லை.

இன்னும் மேற்கே போனால் சொல் தன் முகத்தைக் காட்டிவிடுகிறது. போர்த்துகீசிய மொழியில் இந்த வேலைக்காரனுக்குப் பெயர் கலஃபாத்தெ. நம்மிடம் ‘ஃப’ கிடையாது, ‘ப’ ஆயிற்று. கடைசியில் உகரம் சேர்ந்தது. கலப்பத்து! அங்கே ஆளின் பெயர், இங்கே வேலையின் பெயர். ஆளைச் சொல்லக் கலப்பத்துக்காரர் என்று நாம் வால் சேர்க்க வேண்டியதாயிற்று. இந்தியில் கலாபட்டி, துருக்கியில் கலஃபாத், இத்தாலியில் கலஃபத்தாரே, பிரெஞ்சில் கல்ஃபத்தே. இத்தனை துறைமுகங்களுக்கும் நம் ‘கலம்’ போய்ச் சேர்ந்தது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

போர்த்துகீசியருக்கு எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. அரபியில் கில்ஃப் என்றால் மரப்பட்டை. பட்டை உரிப்பதற்கும் கலத்தின் சந்தை அடைப்பதற்கும் ஒரே வேர்ச்சொல்தான். குவைத்தில் மரக்கலம் கட்டும் தச்சரையே கல்லாஃப் என்பார்கள். ஆகவே அரபிதான் மூலம் என்பது ஒரு கட்சி. இல்லை, கிரேக்கத்திலிருந்து அரபிக்குப் போனது என்பது எதிர்க்கட்சி. கிரேக்கத்தில் இந்தச் சொல் அரியணையே ஏறியிருக்கிறது. கிரேக்கம் பேசிய கான்ஸ்டான்டினோபிளை 1041 டிசம்பரிலிருந்து 1042 ஏப்ரல் வரை ஆண்ட பேரரசன் ஐந்தாம் மிக்கேலுக்குப் பட்டப்பெயர் கலஃபாத்தேஸ், கலப்பத்துக்காரன். அவன் அப்பா ஒரு காலத்தில் அந்தத் தொழில் செய்தவர். தன்னைத் தத்தெடுத்த பேரரசி ஸோயியை நாடு கடத்தப் போய், நகரமே கொதித்தெழுந்து அவனை இறக்கிக் கண்ணைப் பிடுங்கிவிட்டது. ஊர் வைத்த பட்டப்பெயர் மட்டும் வரலாற்றில் நின்றுவிட்டது.

நம் கடற்கரைக்கு இந்தச் சொல் தனியாக வரவில்லை. மாலுமி என்பது அரபி முஅல்லிம், ஆசிரியர் என்று பொருள். சுக்கானும் அரபிதான். நங்கூரம் பாரசீக லங்கர். தச்சுப் பக்கம் பார்த்தால் ஜன்னலும் அலமாரியும் போர்த்துகீசியர் கொடுத்தவை. இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் வீட்டுக்கு வெளிச்சம் வராது, கப்பலும் நிற்காது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. சொந்தச் சொல் இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தது. பரிபாடலின் பத்தாம் பாட்டு வையை வெள்ளத்தைப் பற்றியது. அதில் ‘சிதையும் கலத்தைப் பயினால் திருத்தி’ என்று வருகிறது. திருத்துகிறவன் ‘திசையறி நீகான்’, திசை தெரிந்த மாலுமி. பயின் என்றால் பிசின், பூசி ஒட்டும் பொருள். அதாவது உடையும் கலத்தைப் பிசின் வைத்துச் சரிசெய்கிறான். கலப்பற்றுக்குள் தமிழைத் தேடிக்கொண்டிருக்கும்போது, பயின் என்ற சொல்லை நாம் பரணில் போட்டுவிட்டோம்.

அப்படியானால் பயின் இருக்கும்போது கலப்பத்து எதற்கு வந்தது? என் ஊகம் இது: இரண்டும் ஒரே வேலை இல்லை. பயின் பூசுவது, கலப்பத்து அடிப்பது. இந்தியப் பெருங்கடலில் பழைய கலங்கள் பலவும் ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்தவை. 13ஆம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாத் துறைமுகமான ஹோர்மூசில் அப்படிப்பட்ட கப்பல்களைப் பார்த்து மார்க்கோ போலோ பயந்துபோய் எழுதியிருக்கிறார். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் கப்பலிலிருந்து ஆட்களைக் கரை சேர்த்த மசூலாப் படகும் தையல் படகுதான். அலை மோதும்போது வளைந்து கொடுக்கும். அதன் சந்தில் உளியை வைத்து ஓங்கி அடித்தால் தையல் தளர்ந்துவிடும். நாரையோ வைக்கோலையோ வைத்துத் தைத்து, மேலே பூசுவதுதான் அதற்கு ஏற்றது. ஆணி அடித்த பலகைதான் அடியைத் தாங்கும். அந்த மாதிரிக் கலங்கள் பெருகியபோது அடிக்கிற வேலையும் பெருகியது, அதற்கான பெயரும் கூடவே வந்தது. இன்றைக்கும் கலப்பத்து ‘அடிக்க’த்தானே செய்கிறோம்? உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே அந்த வினை இருக்கிறது.

எனவே கலப்பத்து என்றே எழுதட்டும். ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பரிபாடல் வரியைக் காட்டினால் அவருக்கே பிடிக்கும்.

அப்புறம், அந்த உளிகள். அவை மழுங்கிப்போகவில்லை. கலப்பத்து உளிக்கு வாயே அப்படித்தான், கூராக இருந்தால் பஞ்சை இறுக்காமல் வெட்டிவிடும். சாணைக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.